இரண்டு எஸ்எஸ்டி, இரண்டு இயங்குதளம்: எது பிரிகிறது, எது பிரியாமல் நிற்கிறது

கேட்கப்பட்டிருப்பது இதுதான். ஒரு கணினியில் ஏற்கெனவே ஓர் எஸ்எஸ்டியில், அதாவது கோப்புகளைச் சேமிக்கும் டிரைவில், விண்டோஸ் இருக்கிறது. இன்னொரு எஸ்எஸ்டி வாங்கி அதில் லினக்ஸை நிறுவினால், ஒன்றில் என்ன நேர்ந்தாலும் மற்றது பாதிக்கப்படாமல் இருக்குமா? ஒன்றைக் கழற்றி எடுத்துவிட்டாலும் மற்றது தன்னந்தனியாக இயங்குமா? இரண்டுக்கும் ஆம் என்றே பதில் சொல்லலாம். ஆனால் இரண்டு எஸ்எஸ்டிகளைப் பொருத்திவிட்டதனால் மட்டும் அது அமைந்துவிடாது. இயங்குதளங்களின் கோப்புகள் பிரிந்திருப்பது வேறு, அவை பூட் ஆகும் (கணினியை இயக்கியதும் எழும்) வழி பிரிந்திருப்பது வேறு. முதலாவது தானாகவே நடந்துவிடும், இரண்டாவதை நாம்தான் கவனித்து அமைக்க வேண்டும். அதற்கும் அப்பால், எத்தனை எஸ்எஸ்டி வைத்தாலும் பிரிக்க முடியாத சில பொதுவான அம்சங்கள் கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டில் இருக்கின்றன. பிற்காலத்தில் தலைவலி தருபவை பெரும்பாலும் அவைதான் என்பதால், அவற்றையும் சேர்த்தே விளக்குகிறேன்.

முதலில் பூட் ஆகும் வழி. கணினியைத் துவக்கும் மதர்போர்டு நிரல் பயோஸாக இருந்த பழைய கணினிகளில் ஒவ்வொரு டிரைவின் முதல் 512 பைட்டுகளுக்குள் ஒரு சிறு நிரல் இருக்கும். எந்த டிரைவை வரிசையில் முதலாவதாக வைத்தோமோ அதன் நிரலைப் படித்து இயக்குவதோடு பயோஸின் வேலை முடிந்துவிடும். இப்போதைய கணினிகளில் உள்ள யூஇஎஃப்ஐ முறை அப்படிப்பட்டது அல்ல. இதில் ஈஎஸ்பி எனப்படும் ஒரு சிறிய பார்ட்டிஷன் (டிரைவின் தனிப் பிரிவு) ஃபேட்32 என்ற கோப்பு முறைமை வடிவில் இருக்கும். அதற்குள் விண்டோஸ் தனக்கென ஒரு ஃபோல்டரையும், லினக்ஸ் வெளியீடுகளான உபுண்டுவோ ஃபெடோராவோ தனக்கென இன்னொரு ஃபோல்டரையும் வைத்து, இயங்குதளத்தை எழுப்பும் தத்தம் பூட்லோடர் கோப்புகளை அங்கே இடும். எந்த பார்ட்டிஷனில், எந்தக் கோப்பை, எந்தப் பெயரில் துவக்க வேண்டும் என்ற குறிப்பு மதர்போர்டின் அழியா நினைவகத்தில் பதிவாகும். கணினியை இயக்கியவுடன் யூஇஎஃப்ஐ படிப்பது இந்தப் பதிவுகளைத்தான்.

ஒரே ஈஎஸ்பி பல இயங்குதளங்களுக்கு இடம் கொடுக்கக்கூடியது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. விண்டோஸை நிறுவும்போது வேறொரு டிரைவில் ஏற்கெனவே ஈஎஸ்பி இருந்தால், நீங்கள் தேர்ந்தெடுத்த டிரைவில் புதிதாக ஒன்றை உருவாக்காமல், இருப்பதிலேயே அது தன் பூட் கோப்புகளை வைத்துவிடக்கூடும். உபுண்டுவின் பழைய நிறுவிக்கும் (நிறுவும் நிரலுக்கும்) இதே குறை நெடுங்காலம் இருந்தது. பூட்லோடரை இரண்டாவது டிரைவில் வைக்கச் சொன்னாலும், அது முதல் டிரைவின் ஈஎஸ்பியிலேயே கொண்டுபோய் வைக்கும். நிறுவி முடித்தபின் எல்லாம் ஒழுங்காகவே இயங்குவதால் இது யாருக்கும் தெரிவதில்லை. பல மாதங்கள் கழித்து விண்டோஸ் டிரைவை மாற்றும்போதோ, அதை அழித்து மறுபடி நிறுவும்போதோதான், கைபடாத லினக்ஸ் டிரைவும் பூட் ஆகாமல் நிற்கிறது. வீடுகள் இரண்டாக இருந்தும் வாசல் ஒன்றாகவே இருந்துவிட்டது என்பது அப்போதுதான் தெரிய வருகிறது.

இதைத் தவிர்ப்பதற்கு ஐயத்துக்கு இடமில்லாத ஒரே வழி, ஓர் இயங்குதளத்தை நிறுவும் நேரத்தில் மற்ற டிரைவைக் கணினியிலிருந்து உண்மையாகவே பிரித்து வைப்பதுதான். சாட்டா டிரைவாக இருந்தால் மின்சாரத்தைத் துண்டித்த பிறகு அதன் கேபிளைக் கழற்றினால் போதும். மதர்போர்டிலேயே நேராகச் செருகப்படும் எம்.2 எஸ்எஸ்டியாக இருந்தால் ஒரே ஒரு திருகைத் தளர்த்தி எடுத்துவிடலாம். சில மதர்போர்டுகளின் அமைப்புத் திரையிலேயே குறிப்பிட்ட போர்ட்டை முடக்கும் வசதி உண்டு, அதுவும் இதே பலனைத் தரும். கண்ணுக்குத் தெரியாத டிரைவில் எந்த நிறுவியும் எதையும் எழுத முடியாது. இப்படிச் செய்தால், எதை முதலில் நிறுவ வேண்டும் என்ற கேள்விக்கே இடமில்லாமல் போகிறது. விண்டோஸை முதலிலும் லினக்ஸைப் பிறகும் நிறுவ வேண்டும் என்ற அறிவுரை ஒரே டிரைவைப் பங்கிட்ட காலத்துக்கு உரியது.

மடிக்கணினியைத் திறக்க முடியாதவர்கள், உத்தரவாதம் போய்விடும் என்று அஞ்சுகிறவர்கள் ஆகியோருக்கும் வழி உண்டு. லினக்ஸ் நிறுவியில் தானியங்கித் தேர்வை விட்டுவிட்டு, பார்ட்டிஷன்களைக் கையால் அமைக்கும் தேர்வுக்குச் செல்லுங்கள். புதிய டிரைவில் பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும் ஜிபிடி அட்டவணையை உருவாக்கி, முதலாவதாக 512 எம்பி முதல் 1 ஜிபி வரையிலான ஒரு ஈஎஸ்பியை அமைத்து, லினக்ஸ் தன் பூட் கோப்புகளை அங்கேதான் வைக்க வேண்டும் என்று குறிப்பிடுங்கள். விண்டோஸ் டிரைவில் உள்ள ஈஎஸ்பியைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் அதே திரையில் குறித்துவிடுங்கள். நிறுவி முடித்தபின், ஈஎஸ்பியாக இணைக்கப்பட்டிருப்பது எந்த டிரைவின் பார்ட்டிஷன் என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் விடக் கூடாது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. லினக்ஸ் டிரைவுகளுக்குச் சூட்டும் எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்கள் நிலையானவை அல்ல. இன்று முதலாவதாகத் தெரிந்த டிரைவ் நாளை இரண்டாவதாகத் தெரியலாம். ஆகவே பெயரை நம்பாமல், கொள்ளளவையும் மாடல் பெயரையும் பார்த்து அடையாளம் காணுங்கள். இரண்டும் ஒரே மாடல், ஒரே கொள்ளளவு என்றால் வரிசை எண்ணை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இத்தகைய அமைப்பில் ஈடு செய்ய முடியாத இழப்பு நேர்வது பெரும்பாலும் தவறான டிரைவை அழிப்பதால்தான், பூட்லோடர் கோளாறுகளால் அல்ல. அவற்றையெல்லாம் எப்படியாவது சரிசெய்துவிடலாம்.

புதிய எஸ்எஸ்டியைப் பொருத்துவதற்கு முன் மதர்போர்டின் கையேட்டையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பல மதர்போர்டுகளில் ஒரு குறிப்பிட்ட எம்.2 இடத்தைப் பயன்படுத்தினால் ஓரிரு சாட்டா போர்ட்டுகள் தாமாகவே செயலிழக்கும். பழைய டிரைவ் திடீரென்று காணாமல் போனதற்கு இது காரணமாக இருக்கலாம்.

விண்டோஸ் பக்கத்தில் முன்கூட்டியே செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கம் இயங்குகிறதா என்று பாருங்கள். நீங்கள் அதை இயக்கவில்லை என்றாலும் அது இயங்கிக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தால், பல கணினிகளில் குறியாக்கம் இயல்பாகவே தொடங்கிவிடும். பிட்லாக்கரின் சாவி கணினியில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லில் பூட்டப்பட்டிருக்கும். பூட் ஆகும் வழியில் மாற்றம் தென்பட்டால் அந்தச் சில்லு சாவியைத் தர மறுக்கும், திரையில் 48 இலக்க மீட்பு எண் கேட்கப்படும். அந்த எண் கையில் இல்லையென்றால் உங்கள் கோப்புகளை வேறு எவராலும் மீட்டுத் தர முடியாது. எனவே மீட்பு எண்ணை முதலிலேயே எடுத்து, அந்தக் கணினியில் அல்லாமல் வேறிடத்தில் எழுதி வையுங்கள். வேலை முடியும்வரை பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பதும் நல்லது.

இரண்டாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 முதல் இருந்துவரும் இந்த வசதியில், ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. தன் மையப் பகுதியான கர்னலின் நிலையை டிரைவில் எழுதிவைத்து உறங்கிப் போகிறது. அந்நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸின் பார்ட்டிஷனில் (அதன் வடிவம் என்டிஎஃப்எஸ்) எதையாவது எழுதினால், விண்டோஸ் மீண்டும் விழித்து, தன் நினைவில் உள்ள பழைய நிலையே உண்மை என்று எண்ணித் தொடரும், கோப்பு முறைமை சிதைந்துவிடும். இதனால்தான் லினக்ஸ் அந்த பார்ட்டிஷனை எழுத இயலாதபடி, படிப்பதற்கு மட்டுமே திறக்கிறது. அதைப் பிழை என்று எண்ணி வலுக்கட்டாயமாகத் திறப்பவர்கள் உண்டு, அப்படிச் செய்யாதீர்கள். வசதியை நிரந்தரமாக அணைத்துவிடுவதே சரி, எஸ்எஸ்டியில் அதனால் இழக்கும் நேரம் மிகச் சிறிது. ரீஸ்டார்ட் கொடுக்கும்போது இந்தச் சிக்கல் இல்லை, அப்போது விண்டோஸ் முழுமையாகவே அணைந்து எழுகிறது. ஆனால் ஹைபர்னேட் செய்துவிட்டு, அதாவது முழு நிலையையும் டிரைவில் எழுதி உறங்கவைத்துவிட்டு, மற்ற இயங்குதளத்துக்குப் போவதில் இதே ஆபத்து இரு திசையிலும் இருக்கிறது.

மூன்றாவது, லினக்ஸ் நிறுவிக்கு எஸ்எஸ்டியே தெரியாமல் போகும் நிலை. இன்டெல் ப்ராசஸர் உள்ள பல மடிக்கணினிகளில் சேமிப்பகம் இன்டெலுக்கே உரிய ஆர்எஸ்டி அல்லது விஎம்டி முறையில் அமைக்கப்பட்டிருக்கும். மதர்போர்டின் அமைப்புத் திரையில் அதைப் பொதுவான ஏஎச்சிஐ முறைக்கு மாற்றினால் டிரைவ் தெரியும். ஆனால் முன்னேற்பாடில்லாமல் மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும். விண்டோஸை அடுத்த முறை சேஃப் மோடில் (அடிப்படைப் பகுதிகள் மட்டும் இயங்கும் நிலையில்) எழும்படி முதலில் அமைத்துவிட்டு, அமைப்புத் திரையில் முறையை மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் எழுப்பிய பிறகு வழக்கமான நிலைக்குத் திரும்பினால், அது தேவையான டிரைவர்களை (வன்பொருளை இயக்கும் நிரல்களை) தானே ஏற்றிக்கொள்ளும்.

இனி, தினமும் எப்படி மாறிக்கொள்வது. லினக்ஸின் பூட்லோடரான கிரப்பின் மெனுவில் விண்டோஸையும் ஒரு வரியாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் அங்கிருந்து தேர்ந்தெடுப்பது பரவலான வழக்கம். தனித்தனி டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. அப்படிச் செய்தால் விண்டோஸ் எழுவதற்கு லினக்ஸ் டிரைவ் நலமாக இருக்க வேண்டும் என்ற சார்பை நாமே மறுபடியும் உண்டாக்குகிறோம். அதோடு, கிரப் வழியாக விண்டோஸ் எழும்போது பூட் வழி மாறியிருப்பதை டிபிஎம் சில்லு கவனித்து, பிட்லாக்கர் மீட்பு எண்ணைக் கேட்க நேரலாம். மதர்போர்டுக்கே ஒரு பூட் மெனு உண்டு. கணினியை இயக்கியவுடன் தயாரிப்பாளரைப் பொறுத்து எஃப்12, எஃப்11, எஃப்9, எஃப்8, எஸ்கேப் ஆகியவற்றுள் ஒரு விசையை அழுத்தினால் அது வரும். அதிகம் பயன்படுத்தும் இயங்குதளத்தை வரிசையில் முதலாவதாக வைத்துவிட்டு, மற்றது தேவைப்படும்போது மட்டும் அந்த மெனுவைத் திறப்பதுதான் உண்மையான பிரிவினையைக் காக்கும் முறை. விசையை நேரம் பார்த்து அழுத்துவது கடினமாக இருந்தால், லினக்ஸில் எஃபிபூட்எம்ஜிஆர் என்ற கருவியால் அடுத்த ஒரு முறைக்கு மட்டும் விண்டோஸ் எழுமாறு குறித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யலாம்.

கிரப் மெனுவே வேண்டும் என்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 2021இல் வந்த கிரப் 2.06 பதிப்பிலிருந்து, பிற இயங்குதளங்களைத் தேடும் வசதி பாதுகாப்புக் காரணத்துக்காக இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. மெனுவில் விண்டோஸ் தெரியாததைக் கண்டு விண்டோஸ் அழிந்துவிட்டதோ என்று பதற வேண்டாம். அமைப்புக் கோப்பில் அந்த வசதியை இயக்கி மெனுவை மறுபடி உருவாக்கினால் வந்துவிடும்.

எல்லாம் முடிந்தபின் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பெரும்பாலோர் அதைச் செய்வதில்லை. கணினியை முழுமையாக அணைத்து, விண்டோஸ் டிரைவைக் கழற்றிவிட்டு லினக்ஸை எழுப்பிப் பாருங்கள். பிறகு அதை மாட்டி, லினக்ஸ் டிரைவைக் கழற்றிவிட்டு விண்டோஸை எழுப்பிப் பாருங்கள். இரண்டும் எழுந்தால் பிரிவினை உண்மையானது. இதில் சில மதர்போர்டுகள் கழற்றிய டிரைவுக்குரிய பூட் பதிவை நினைவகத்திலிருந்தே நீக்கிவிடும், திரும்ப மாட்டியபின் பெயர் பட்டியலில் வராமல் போகலாம். அதற்காகவே யூஇஎஃப்ஐயில் ஒரு மாற்று வழி வகுக்கப்பட்டிருக்கிறது. பதிவு ஏதும் இல்லாத டிரைவிலும், ஈஎஸ்பிக்குள் பூட் என்ற பொதுவான ஃபோல்டரில் நிர்ணயிக்கப்பட்ட பெயரில் ஒரு கோப்பு இருந்தால் அதை மதர்போர்டு இயக்கும். விண்டோஸும் பெரும்பாலான லினக்ஸ் வெளியீடுகளும் அந்த இடத்திலும் ஒரு பிரதியை வைக்கின்றன. டிரைவை வேறொரு கணினியில் மாட்டினாலும் அது எழுவது இந்தக் கோப்பின் உதவியால்தான். மதர்போர்டின் நிரலைப் புதுப்பிக்கும்போது பூட் பதிவுகள் அனைத்தும் அழிந்துபோவதும் உண்டு. அப்போதும் கைகொடுப்பது இதுவே.

பிரியாமல் நிற்பவற்றில் முதன்மையானது செக்யூர் பூட். கையொப்பமிடப்பட்ட பூட்லோடரை மட்டுமே இயக்குவது என்ற இந்த ஏற்பாட்டில், எந்தக் கையொப்பங்களை ஏற்கலாம், எவற்றை மறுக்க வேண்டும் என்ற பட்டியல்கள் மதர்போர்டில்தான் இருக்கின்றன, எந்த டிரைவிலும் இல்லை. உபுண்டு, ஃபெடோரா, டெபியன், ஓப்பன்சூசே ஆகியவை மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஷிம் என்ற சிறு நிரலின் வழியாக எழுகின்றன. 2024 ஆகஸ்டில் வெளியான ஒரு விண்டோஸ் புதுப்பிப்பு, பாதுகாப்புக் குறையுள்ள பழைய பூட்லோடர்களை மறுக்கும் எஸ்பாட் விதியை மதர்போர்டில் எழுதியது. இரட்டை இயங்குதளம் உள்ள கணினிகளில் அது எழுதப்படாது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தும், பல கணினிகளை அதன் சோதனை இனங்காணத் தவறியது. அந்தக் கணினிகளில் பாதுகாப்பு விதி மீறப்பட்டது என்ற செய்தியோடு லினக்ஸ் எழாமல் நின்றது. லினக்ஸ் டிரைவில் ஒரு பைட்டுகூட மாறியிருக்கவில்லை. டிரைவ்களைப் பிரித்து வைத்திருந்தது அங்கே எந்தக் காப்பும் தரவில்லை, ஏனென்றால் மாற்றம் நிகழ்ந்தது டிரைவில் அல்ல.

அத்தகைய நிலையில் செய்ய வேண்டியது, செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து லினக்ஸை எழுப்பி, ஷிம்மையும் கிரப்பையும் புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டு, மறுபடியும் செக்யூர் பூட்டை இயக்குவதாகும். அணைத்திருக்கும் இடைவேளையில் விண்டோஸை எழுப்பினால் பிட்லாக்கர் மீட்பு எண்ணைக் கேட்கும் என்பதை மறக்க வேண்டாம். லினக்ஸை மாதக்கணக்கில் தொடாமல் வைத்திருந்து, விண்டோஸை மட்டும் தொடர்ந்து புதுப்பிப்பவர்களே இந்த வகைத் தொல்லைக்கு அதிகம் ஆளாகிறார்கள். ஆகவே அவ்வப்போது லினக்ஸையும் எழுப்பிப் புதுப்பித்து வாருங்கள். 2011ஆம் ஆண்டின் மைக்ரோசாஃப்ட் செக்யூர் பூட் சான்றிதழ்களின் காலம் 2026 ஜூனிலிருந்து முடியத் தொடங்குவதால், 2023ஆம் ஆண்டின் புதிய சான்றிதழ்களுக்கு மாறும் பணி நடக்கிறது. மதர்போர்டு நிரல், விண்டோஸ், லினக்ஸ் ஆகிய மூன்றையும் புதுப்பித்த நிலையில் வைத்திருப்பதற்கு இது இன்னுமொரு காரணம். செக்யூர் பூட்டை நிரந்தரமாக அணைத்துவிட்டால் தீர்ந்தது என்று சிலர் சொல்வார்கள். தேவையின்றி ஒரு பாதுகாப்பை இழப்பதை நான் ஏற்பதில்லை. ஆர்ச் போன்று ஷிம் வழியை இயல்பாகத் தராத வெளியீட்டைத் தேர்ந்தவர்கள்கூடத் தங்கள் சாவியை உருவாக்கிக் கையொப்பமிட்டுக்கொள்ள முடியும்.

கடிகாரமும் பொதுவானதே. மதர்போர்டின் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் கொள்கிறது, அது உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் கொள்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போதெல்லாம் நேரம் பிசகுவது இதனால்தான். ஏதாவது ஒன்றை மற்றதன் வழக்கத்துக்கு மாற்றிவிட்டால் போதும். விண்டோஸை அதன் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரி வழியாகப் பொது நேரத்துக்கு மாற்றுவதே நேர்த்தியானது.

ப்ளூடூத் மவுஸோ ஹெட்ஃபோனோ வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு முறை மாறும்போதும் அதை மறுபடி இணைக்க வேண்டியிருப்பதைக் காண்பார்கள். கணினியின் ப்ளூடூத் முகவரி இரு இயங்குதளங்களிலும் ஒன்றே. ஆனால் இணைக்கும் ஒவ்வொரு முறையும் புதிய ரகசியச் சாவி உருவாகிப் பழையதைச் செல்லாததாக்கிவிடுகிறது. லினக்ஸில் முதலில் இணைத்து, பிறகு விண்டோஸில் இணைத்து, விண்டோஸ் உருவாக்கிய சாவியை லினக்ஸின் அமைப்புக் கோப்பில் எழுதிவிட்டால் இரண்டிலும் அது இயங்கும்.

பொதுவான கோப்புகளை வைக்க இரு இயங்குதளங்களும் எழுதக்கூடிய ஒரு பார்ட்டிஷன் தேவைப்படும். லினக்ஸ் கர்னல் 5.15 முதல் என்டிஎஃப்எஸ் வடிவத்துக்கு எழுதும் வசதியுடன் கூடிய டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது, இரண்டுக்கும் பொருந்தும் மற்றொரு வடிவமான எக்ஸ்ஃபேட்டுக்கான டிரைவர் அதற்கு முன்பே வந்துவிட்டது. ஆவணங்கள், படங்கள், காணொளிகள் ஆகியவற்றுக்கு இவற்றில் எதுவும் போதும். ஆனால் லினக்ஸில் இயக்கும் விளையாட்டுகளையோ நிரல் எழுதும் திட்டங்களையோ அதில் வைக்காதீர்கள். கோப்பு அனுமதிகள், பெயரில் வரும் சிறப்புக் குறிகள் ஆகியவற்றில் முரண்பாடு எழும்.

எதிர்த்திசையில், லினக்ஸ் பார்ட்டிஷன்களின் உள்ளடக்கத்தை விண்டோஸ் அறியாது. ஒரு டிரைவை பார்ட்டிஷன் அட்டவணை இல்லாமல் முழுமையாகவே குறியாக்கம் செய்து வைத்திருந்தால், விண்டோஸின் வட்டு மேலாண்மைத் திரை அதை வெற்று டிரைவாகக் கருதி, தொடக்க நிலைக்குக் கொண்டுவரட்டுமா என்று கேட்கும். ஒப்புக்கொண்டால் குறியாக்கத்தின் தலைப்பகுதியே அழிந்துபோகலாம். எப்போதும் ஜிபிடி அட்டவணையை உருவாக்கி, அதற்குள் குறியாக்கம் செய்வதே பாதுகாப்பானது. அந்தக் கணினியை வேறு எவரேனும் பயன்படுத்துவதாக இருந்தால், இந்தக் கேள்வி வந்தால் மறுத்துவிட வேண்டும் என்று அவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

மற்றொரு டிரைவில் இருப்பது காப்புப் பிரதி ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு டிரைவ்களும் ஒரே கணினியில் இணைந்திருக்கும்வரை, நிர்வாக உரிமையோடு இயங்கும் ஒரு தீநிரல் தனக்குப் படிக்கத் தெரியாத டிரைவையும் அழிக்க முடியும். மின்வழங்கி பழுதானால் இரண்டும் ஒன்றாகவே போகலாம். முக்கியமானவற்றின் பிரதி கணினிக்கு வெளியே இருக்கட்டும்.

ஒரு நாள் லினக்ஸ் வேண்டாம் என்று முடிவெடுத்தால், தனித்தனி டிரைவ்களின் பயன் அப்போது நன்றாகத் தெரியும். ஒரே டிரைவைப் பங்கிட்டவர்கள் பார்ட்டிஷன்களை நீக்கி, நீட்டி, ஈஎஸ்பிக்குள் எஞ்சிய கோப்புகளைத் தேடி அகற்ற வேண்டியிருக்கும். உங்களுக்கு அந்த டிரைவை அழித்துவிட்டு வேறு எதற்கும் பயன்படுத்துவதோடு வேலை முடிந்தது. மதர்போர்டின் பூட் பட்டியலில் லினக்ஸின் பெயர் மட்டும் எஞ்சி நிற்கலாம். அமைப்புத் திரையிலிருந்தே அதை நீக்கலாம், நீக்காமல் விட்டாலும் தீங்கில்லை, விண்டோஸை வரிசையில் முதலாவதாக வைத்தால் போதும்.